தோட்டச் சீட்டாட்டங்களில் உண்மையிலேயே அமைதி தருபவை எவை?

கேள்வி கேட்டவர் மூன்று செய்திகளைச் சொல்லியிருக்கிறார். வேலை முடிந்து வந்த இரவில் அரை மணி நேரம் தனியாக ஆட ஒரு சீட்டாட்டம் வேண்டும். விடுமுறை நாளில் அதையே, அல்லது அது போன்ற ஒன்றை, ஐந்து வயதிலும் பத்து வயதிலும் இருக்கும் பிள்ளைகளோடும் எழுபதைக் கடந்த அம்மாவோடும் ஆட வேண்டும். செடி, பூ, தோட்டம் என்று இருந்தால் எல்லோருக்கும் பிடிக்கும். கூடவே ஒரு குறையும் உண்டு. அழகான மரப் படங்களைப் பார்த்து ஒரு பெட்டியை வாங்கியதாகவும், ஆடி முடித்தபோது பெரியவர்கள் மூவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்ததாகவும் எழுதியிருக்கிறார். பட்டியல் கேட்பது போலத் தோன்றினாலும் அவர் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். இவ்வளவு சாந்தமான படங்கள் உள்ள ஆட்டம் ஏன் சாந்தமாக இல்லை, வாங்கும் முன்பே அதை எப்படிக் கண்டுகொள்வது என்பதுதான் கேள்வி.

பதிலுக்குப் போகும் முன் என் தகுதியையும் அதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக, வாரத்தில் ஒரு மாலை, வருகிறவர் யாராக இருந்தாலும் உட்காரவைத்துச் சீட்டாட்டங்களும் பலகை ஆட்டங்களும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஆகவே விதி, சீட்டுகளின் எண்ணிக்கை, வெளிவந்த ஆண்டு என்று நான் கீழே எழுதுபவை உறுதியானவை. ‘இது மனத்துக்கு இதம், அது இல்லை’ என்று எழுதுபவையெல்லாம் என் மேசையில் கண்டவை மட்டுமே. உங்கள் மேசையில் அவை மாறலாம். சீட்டாட்டம் மன அழுத்தத்தைத் தணிக்குமா என்பது மருத்துவம் படித்தவர்கள் பேச வேண்டியது. அதற்குள் நான் போகவில்லை.

பெட்டியின் மேல் பூ இருப்பதாலேயே ஆட்டம் பூப்போல இருந்துவிடாது. ஓவியர் வரைவது படத்தை. ஆடுகிறவர்களுக்குள் என்ன நடக்கும் என்பதை முடிவு செய்வது விதி. ஆகவே ஒரு புதிய ஆட்டத்தின் விதித்தாளைப் படிக்கும்போது நான் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுவேன். நான் வளர்த்து வைத்ததை இன்னொருவர் கெடுக்க முடியுமா? என் முறை வரும்வரை நான் எவ்வளவை நினைவில் சுமந்துகொண்டிருக்க வேண்டும்? தனியாக ஆடும்போது முதல் கேள்வி தானாகவே விழுந்துவிடும், இரண்டாவது மட்டும் நிற்கும். குடும்பமாக உட்காரும்போது அன்றைய மாலை எப்படி முடியும் என்பதைப் பெரும்பாலும் முதல் கேள்விதான் தீர்மானிக்கிறது.

வாங்கிய ஆட்டம் எது என்று கேள்வியில் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட அனுபவத்துக்கு ஆர்பொரீட்டம் என்ற ஆட்டத்தைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. டான் கசார் உருவாக்கி 2015-இல் வெளிவந்தது. பத்து வகை மரங்கள், ஒவ்வொன்றிலும் 1 முதல் 8 வரை எண்ணிட்ட சீட்டுகள், ஆக 80. கையில் ஏழு சீட்டு; ஒவ்வொரு முறையும் இரண்டு எடுத்து, ஒன்றைத் தோட்டத்தில் நட்டு, ஒன்றைக் கழித்துவிட வேண்டும். எண்கள் ஏறிக்கொண்டே போகும்படி மரங்களை நட்டு, ஒரு வகை மரத்தில் தொடங்கி அதே வகையில் முடியும் பாதையை அமைத்தால் புள்ளி. இதுவரை பூங்காவில் உலாவுவது போலத்தான் இருக்கும். குத்தல் எல்லாம் கடைசியில் இருக்கிறது. ஒரு மரவகைக்குப் புள்ளி பெறும் உரிமை, அந்த வகைச் சீட்டுகளை நடாமல் கையில் அதிகக் கூட்டுத்தொகைக்கு வைத்திருப்பவருக்கு மட்டுமே உண்டு. நீங்கள் அரை மணி நேரம் பார்த்துப் பார்த்து ஒரு மேப்பிள் பாதை போட்டிருக்கலாம். எதிரில் இருப்பவர் இரண்டு மேப்பிள் சீட்டுகளைக் கையிலேயே பதுக்கி வைத்திருந்தால் உங்கள் பாதைக்கு ஒன்றும் கிடைக்காது. போதாததற்கு, ஒருவர் கையில் இருக்கும் 8-க்கு, வேறொருவர் கையில் அதே மரத்தின் 1 இருந்தால், மதிப்பே இல்லாமல் போகும். நான் மிகவும் மதிக்கும் ஆட்டம் இது. இருவர் ஆடுவதில் இவ்வளவு கூர்மையானவை குறைவு. மேலே சொன்ன இரண்டு கேள்விகளிலும் அது தவறுகிறது என்பதுதான் செய்தி: கெடுக்கவும் முடியும், எந்தச் சீட்டு எங்கே போயிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கவும் வேண்டும்.

இனி, தனியாக ஆடும் இரவுகள். பணம் செலவழிக்கும் முன் வீட்டில் கிடக்கும் சாதாரண 52 சீட்டுக் கட்டை எடுங்கள். ஃப்ளவர் கார்டன், அதாவது பூந்தோட்டம், என்றே பெயர் கொண்ட பழைய தனியாட்டம் ஒன்று உண்டு. நன்றாகக் கலைத்து, எல்லாச் சீட்டுகளும் முகம் தெரியும்படி, வரிசைக்கு ஆறாக ஆறு வரிசைகள் அடுக்குங்கள். ஒன்றின் தலைப்பு தெரியும்படி அடுத்தது அதன் மேல் படிந்திருக்க வேண்டும். இந்த 36 சீட்டுகளும் ஆறு பாத்திகள். மிச்சமிருக்கும் 16 சீட்டுகள் பூங்கொத்து. அவற்றையும் முகம் தெரிய விரித்து வைத்துக்கொள்ளலாம், எதை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். நான்கு இனங்களையும் ஆஸ் தொடங்கி ராஜா வரை தனித்தனியே ஏற்றி முடிப்பது இலக்கு. பாத்தியின் நுனிச் சீட்டை மட்டும், ஒரு தடவைக்கு ஒன்றாக நகர்த்தலாம். ஒன்பதின் மேல் எட்டு, எட்டின் மேல் ஏழு என்று இனம் பாராமல் இறங்குவரிசையில் வைக்கலாம். காலியாகிவிட்ட பாத்தியில் எந்தச் சீட்டையும் வைக்கலாம். கொத்திலிருந்து பாத்திக்கு வந்த சீட்டு மறுபடி கொத்துக்குத் திரும்பாது.

இந்த ஆட்டத்தின் இதம், இதில் மறைவு எதுவும் இல்லை என்பதில் இருக்கிறது. 52 சீட்டுகளும் கண்முன் இருப்பதால் நினைவில் சுமக்க ஒன்றுமில்லை. தோற்றாலும் எந்த இடத்தில் தோற்றோம் என்று விரல் வைத்துக் காட்டலாம். முதல் சீட்டைத் தொடும் முன் ஆஸ்களும் இரண்டுகளும் எங்கே புதைந்திருக்கின்றன என்று பாருங்கள். ஒரே பாத்தியின் அடியில் இரண்டு ஆஸ் கிடந்தால் வெட்ட வேண்டிய பாத்தி அதுதான். ராஜாவுக்கு மேலான சீட்டு இல்லாததால் அவன் காலிப் பாத்தியில் மட்டுமே போய் உட்காருவான். ஆகவே பாத்தியின் நுனியில் ராஜா இருந்தால் அவனுக்கு அடியில் இருப்பவை நெடுநேரம் வெளிச்சம் காணாது. புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. கொத்தில் ஒரு ஹார்ட்டின் ஆறு இருக்கும், பாத்தி நுனியில் டைமண்ட் ஏழு இருக்கும், இடம் கிடைத்ததே என்று வைத்துவிடுவார்கள். அந்த ஏழுக்கு அடியில் கிடக்கும் ஸ்பேடு மூன்றை எடுக்க இனி இரண்டு சீட்டுகளை நகர்த்த வேண்டும். கொத்தில் இருந்தவரை அந்த ஆறு யாரையும் மறைக்கவில்லை. பூங்கொத்தைக் கைவிடாமல் பிடித்திருப்பதுதான் இந்த ஆட்டத்தின் பாதி என்று எனக்கு விளங்கவே இருபது, முப்பது ஆட்டங்கள் ஆயின.

லா பெல் லூசி என்ற இன்னொன்றையும் பலர் சொல்வார்கள். மூன்று மூன்றாக 17 விசிறிகளும் ஒற்றைச் சீட்டு ஒன்றும் விரித்து ஆடுவது. மேசை முழுவதும் இதழ் விரிந்தாற்போல் இருக்கும். ஆனால் அதே இனத்தின் மேல்தான் இறக்க வேண்டும், காலியான இடத்தை நிரப்பவும் முடியாது, மிச்சத்தைக் கலைத்து மறுபடி விரிக்க இரண்டே வாய்ப்பு. முடிச்சுக்குள் முடிச்சாகப் போகும். களைத்த இரவுக்கு வேண்டாம்.

தனியாட்டத்துக்கென்றே உருவான பெட்டி வேண்டுமென்றால் மார்க் டக் உருவாக்கிய ஆர்ச்சர்டைத்தான் முதலில் சொல்வேன். ஓர் ஆட்டத்துக்கு ஒன்பதே சீட்டுகள். ஒவ்வொன்றிலும் இரண்டுக்கு மூன்றாக ஆறு பழமரங்கள், மொத்தத்தில் மூன்று வகைப் பழங்கள். புதிதாக வைக்கும் சீட்டு, முன்பே விரித்த சீட்டுகளின் மேல் ஓரளவாவது படிய வேண்டும். அப்படிப் படியும் இடத்தில் ஒரு மரத்தின் மேல் அதே பழத்தின் மரம் விழ வேண்டும். ஒரு முறை பொருந்தினால் அங்கே வைக்கும் பகடை 1 புள்ளி என்று காட்டும், அதே இடத்தில் மறுபடி பொருந்தினால் 3, அடுத்து 6, அடுத்து 10. வழியே இல்லாதபோது பொருந்தாத மரத்தை அழுகிய பழம் என்று மறைத்துக்கொள்ளலாம். ஆட்டத்துக்கு இரண்டு முறைதான், ஒவ்வொன்றுக்கும் மூன்று புள்ளிகள் கழியும். கையில் எப்போதும் இரண்டு சீட்டுகள் மட்டுமே இருப்பதால் முடிவு சின்னதாக இருக்கும், சிந்தனை மட்டும் விரிந்துகொண்டே போகும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல மரங்களில் பழம் பறிப்பதா, ஒரே மரத்தின் மேல் அடுக்கிப் பத்தை எட்டுவதா என்ற இழுபறி பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கண்ணாடியைக் கழற்றி வைத்தபின் ஆட முடியாது என்பது மட்டும் குறை. படங்கள் நெருக்கமாக இருக்கும், சீட்டைச் சரியாக அதன் கட்டத்தில் பொருத்தி வைக்க வேண்டும்.

தனிமைக்கும் குடும்பத்துக்கும் ஒரே பெட்டி என்ற இடத்தில் நான் நிற்பது ஹெர்பேஷியஸ் பக்கம். ஸ்டீவ் ஃபின், எட்வர்டோ பராஃப், கீத் மட்டேஜ்கா ஆகியோர் உருவாக்கியது; 2017-இல் வந்தது; பெத் சோபெலின் ஓவியங்கள்; ஒருவர் முதல் நால்வர் வரை. 72 மூலிகைச் சீட்டுகள். இதில் கைச்சீட்டு என்பதே கிடையாது. உங்கள் முறையில் கட்டின் மேல் சீட்டை எடுத்துப் பார்க்கிறீர்கள். நீங்கள் ஏற்கெனவே இரண்டு சேர்த்து வைத்திருக்கும் அதே இலை என்று வைத்துக்கொள்வோம். அதை உங்கள் தோட்டத்தில் நட்டால், அடுத்து எடுக்கும் சீட்டு எதுவாக இருந்தாலும் நடுவில் இருக்கும் பொதுத் தோட்டத்துக்குப் போக வேண்டும். முதலாவதைப் பொதுவில் விட்டால் இரண்டாவது, கண்ணால் பார்க்கும் முன்பே, உங்களுடையது. ஆட்டம் முழுவதும் இந்த ஒரு கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது, ஆனாலும் அலுப்பதில்லை.

சேர்த்த மூலிகைகளைத் தொட்டியில் இட்டால்தான் நல்ல புள்ளி. பெரிய தொட்டிக்கு எல்லாம் ஒரே வகையாக இருக்க வேண்டும், மரத்தொட்டிக்கு எல்லாம் வெவ்வேறாக இருக்க வேண்டும், சிறு தொட்டிகளுக்கு ஜோடி ஜோடியாக வேண்டும், கண்ணாடிச் சாடிக்கு எவையானாலும் மூன்று போதும். தொட்டியில் இடும்போது உங்கள் தோட்டத்திலிருந்தும் எடுக்கலாம், பொதுத் தோட்டத்திலிருந்தும் எடுக்கலாம். ஒவ்வொரு தொட்டியையும் ஒரே முறைதான் பயன்படுத்தலாம் என்பதால், ‘நான்கு சேர்ந்துவிட்டது, போதுமா, இன்னொன்றுக்குக் காத்திருக்கலாமா’ என்று மனம் அலையும். பொதுத் தோட்டத்தில் நீங்கள் கண் வைத்திருந்ததை இன்னொருவர் அள்ளிக்கொண்டு போகலாம். ஆனால் உங்கள் தோட்டத்தில் இருப்பதை யாரும் தொட முடியாது. இவ்வளவு உரசல் ஒரு குடும்பத்துக்கு வேண்டியதுதான். அதுவும் இல்லாவிட்டால் நால்வரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல் ஆகிவிடும். என் மேசையில் எழுபது வயதுக்காரர்கள் இரண்டாவது முறையிலேயே விதியைக் கேட்பதை நிறுத்திவிட்டு ஆட ஆரம்பிக்கும் ஆட்டம் இது. தனியாக ஆடும்போது எதிரி கிடையாது, கடைசிப் புள்ளியை முந்தைய புள்ளியோடு ஒப்பிடுவதுதான். அப்படி ஆடுவது பிடிக்காதவர்களுக்கு, முடிந்தது முடியவில்லை என்று தெளிவாகச் சொல்லும் பூந்தோட்டமே மேல்.

ஃப்ளோரிஃபெரஸ் என்பது 2021-இல் வந்தது, அதையும் ஃபின், பராஃப் இருவரும்தான் உருவாக்கினார்கள். ஐந்து பத்திகளாக விரித்த சீட்டுகளுக்கு நடுவே மூன்று நாள் நடந்து, பத்திக்கு ஒன்றாக மொத்தம் 15 சீட்டுகளைப் பறித்துக்கொள்வது. இந்தப் பத்தியில் உங்கள் காய் எந்த வரிசையில் நிற்கிறது என்பதைப் பொறுத்து அடுத்த பத்தியில் யார் முதலில் பறிப்பது என்று முடிவாகும். நல்ல பூவை எடுத்தவர் அடுத்த முறை பின்தங்கலாம் என்பதால் யாருக்கும் வருத்தம் நெடுநேரம் நிற்பதில்லை. வெர்டன்ட் 2022-இல் வந்தது, ஐவர் வரை ஆடலாம், தனியாகவும் ஆடலாம். வீட்டுக்குள் வளர்க்கும் தொட்டிச் செடிகளையும் அறைகளையும் மாற்றி மாற்றி, மூன்றுக்கு ஐந்தாகப் 15 சீட்டுகள் வரும்வரை அடுக்க வேண்டும். செடிக்கு வேண்டிய வெளிச்சம் பக்கத்து அறையில் இருந்தால் அது வளரும். என் அனுபவத்தில் இது இருவருக்கும் மூவருக்கும் நன்றாக ஓடுகிறது. ஐவரோடு நான் ஆடியதில்லை. மேசை பெரிதாக வேண்டும், பார்க்க வேண்டிய விஷயங்களும் ஒரே நேரத்தில் பல. பத்து வயதுக்குச் சரி, அம்மாவுக்கு முதல் ஆட்டமாக இதைக் கொடுக்க வேண்டாம்.

பைக்குள் போட்டுக்கொண்டு போகக்கூடியது டஸ்ஸி மஸ்ஸி. எலிசபெத் ஹார்கிரேவ் உருவாக்கியது, 2019-இல் வந்தது, 18 சீட்டுகள் மட்டுமே, ஒரு பணப்பை அளவு உறைக்குள் அடங்கிவிடும். இரண்டு சீட்டு எடுத்து, பார்த்து, ஒன்றை முகம் தெரியவும் ஒன்றைக் கவிழ்த்தும் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்ட வேண்டும். அவர் ஒன்றை எடுத்துக்கொள்வார், மற்றது உங்களுக்கு. நான்கு நான்கு பூக்கள் சேர்ந்ததும் ஒரு சுற்று, மூன்று சுற்றுகள். கணவனும் மனைவியும் ஆடும்போது இதில் நடக்கும் முகபாவப் போராட்டம் தனிச் சுவை. ஒரு தடங்கல்: பெரும்பாலான சீட்டுகளில் ஆங்கிலத்தில் ஒரு வரி விதி எழுதியிருக்கும், அதைப் படிக்க முடியாதவரால் தனித்து முடிவெடுக்க முடியாது.

எழுத்தே வேண்டாம் என்றால் ஓஹனாமி. ஸ்டெஃபன் பெண்டோர்ஃப் உருவாக்கியது, 2019, இருவர் முதல் நால்வர் வரை. 1 முதல் 120 வரை எண்ணிட்ட சீட்டுகள். பத்துச் சீட்டுகளில் இரண்டைத் தேர்ந்து வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பக்கத்தில் தள்ளிவிடுவது. உங்கள் முன் மூன்று நிரல்கள் வரை அமைக்கலாம். ஒரு நிரலில் புதிய சீட்டு, இருப்பதில் பெரியதைவிடப் பெரியதாகவோ சிறியதைவிடச் சிறியதாகவோ இருக்க வேண்டும். 47-இல் தொடங்கிய நிரலில் அவசரப்பட்டு 71 வைத்துவிட்டால் நடுவில் இருக்கும் 23 எண்களுக்கும் அந்த நிரலின் கதவு மூடிவிட்டது. முதல் சுற்றில் நீலச் சீட்டுகளுக்கு மட்டும் புள்ளி, இரண்டாவதில் நீலத்துக்கும் பச்சைக்கும், மூன்றாவதில் எல்லா நிறங்களுக்கும். பத்து வயதுப் பிள்ளை பெரியவர்களைத் தோற்கடிக்க இதில் நியாயமான வாய்ப்பு உண்டு, அதை அவர்கள் இரண்டாவது ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அமைதியான ஆட்டம் என்றால் மௌனமான ஆட்டம் என்று பொருள்கொள்ள வேண்டியதில்லை. சில வீடுகளுக்குச் சத்தமே ஓய்வு. அப்படிப்பட்ட வீட்டுக்கு, ஊவே ரோசன்பெர்க் உருவாக்கி 1997-இல் வந்த போனான்சாவை மிஞ்சியது இன்னும் என் கண்ணில் படவில்லை. பாத்திகளில் பீன்ஸ் பயிரிட்டு அறுவடை செய்து காசு சேர்க்கும் ஆட்டம். குறைந்தது மூவராவது உட்கார்ந்து ஆடினால்தான் அதன் சுவை தெரியும். இதன் விதி ஒன்று ரம்மி ஆடிப் பழகிய கைகளைத் திணறவைக்கும்: கையில் வந்த சீட்டுகளின் வரிசையை மாற்றக் கூடாது. முன்னால் இருக்கும் சீட்டை முதலில் நட்டே தீர வேண்டும், புதியவை பின்னால் போய்ச் சேரும். உங்களிடம் இருப்பது இரண்டு பாத்திகள், ஒரு பாத்தியில் ஒரே வகைதான் வளரும். ஆகவே நாளை நட வேண்டிவரும் வேண்டாத விதையை இன்றே யார் தலையிலாவது கட்ட வேண்டும். ‘இந்தச் சிவப்பை வாங்கிக்கொள், எனக்கு ஒன்றும் வேண்டாம், எடுத்துக்கொண்டால் போதும்’ என்று கெஞ்சுகிற நிலை எல்லோருக்கும் வரும். இலவசமாகக் கொடுப்பதுகூட இங்கே தன்னலம்தான் என்பதால், கொடுத்தவரும் வாங்கியவரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்.

ஒவ்வொரு சீட்டிலும் அந்த வகையில் மொத்தம் எத்தனை சீட்டுகள் உண்டு என்று எழுதியிருக்கும். நீலம் 20 உண்டு, நான்கு சேர்த்தால்தான் ஒரு காசு. தோட்டப் பீன்ஸ் ஆறே சீட்டுகள்தான், இரண்டு சேர்ந்தாலே இரண்டு காசு. அறுவடையில் கிடைக்கும் காசும் அதே சீட்டின் முதுகுப்புறம்தான். திருப்பிப் போட்டால் பொற்காசு. ஐந்து வயதுப் பிள்ளையைக் கல்லாவில் உட்காரவைத்து, அறுவடைதோறும் சீட்டைத் திருப்பிக் காசாக்கிக் கொடுக்கும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள். பொதுவாக நாற்பத்தைந்து நிமிடமும் எழுந்திருக்காது. முதல் கேள்விக்கு இந்த ஆட்டத்தின் விடை தெளிவு: உங்கள் பாத்தியை வேறு யாரும் பிடுங்க முடியாது, பிடுங்க வேண்டிவந்தால் நீங்களே பிடுங்குவீர்கள், அப்போது வரும் கோபம் சீட்டின் மேல்தான் போகும். பேரம் பேசவே கூசுகிறவர் ஒருவர் குழுவில் இருந்தால் மட்டும் இது சரிவராது. அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

ஐந்து வயதுக்கென்று தனியாக ஒன்று வேண்டுமானால் சீட்டை விட்டுச் சற்று விலக வேண்டும். ஜெர்மனியின் ஹாபா நிறுவனம் 1986-இல் வெளியிட்ட பழத்தோட்ட ஆட்டம், ஓப்ஸ்ட்கார்டன், இன்றும் கிடைக்கிறது. நான்கு வகைப் பழங்கள், வகைக்குப் பத்து. பகடையில் விழும் நிறத்துக்கு ஏற்ப ஒன்றைப் பறித்துக் கூடையில் இட வேண்டும். காகம் விழுந்தால் ஒன்பது துண்டுகள் கொண்ட காகப் படத்தில் ஒரு துண்டு சேரும். படம் முடிவதற்குள் பழங்களை எல்லாம் பறித்துவிட்டால் எல்லோருக்கும் வெற்றி, இல்லையேல் எல்லோருக்கும் தோல்வி. பெரியவர்களுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை, ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் எழுபதும் ஐந்தும் ஒரே பக்கம் நின்று காகத்தைத் திட்டுவதைப் பார்க்க நேர்ந்தால் அந்தக் கால் மணி நேரம் வீண் என்று தோன்றாது.

ஜப்பானியப் பூச்சீட்டான ஹனஃபுடாவைக் குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை. 48 சீட்டுகள், பன்னிரண்டு மாதங்கள், மாதத்துக்கு நான்கு. படித்தாக வேண்டிய எண்ணோ எழுத்தோ இல்லை, செடிதான் அடையாளம். ஜனவரிக்குப் பைன், மார்ச்சுக்குச் செர்ரிப் பூ, செப்டம்பருக்குச் செவ்வந்தி என்று போகும். இன்று காணொளி விளையாட்டுகளுக்குப் பெயர்பெற்ற நின்டெண்டோ 1889-இல் கியோட்டோவில் தொடங்கப்பட்டதே இந்தச் சீட்டுகளைச் செய்யத்தான். முறைப்படி இருவர் ஆடும் கொய்கொய் ஆட்டத்தில், புள்ளி கிடைத்தபின் நிறுத்துவதா தொடர்வதா என்ற பந்தயப் பதற்றம் உண்டு. வீட்டுக்கு அதை விட்டுவிடலாம். கையில் இருக்கும் செடியும் மேசையில் இருக்கும் செடியும் பொருந்தினால் இரண்டையும் எடுத்துக்கொள்வது, கடைசியில் சீட்டு மதிப்பைக் கூட்டுவது என்பது மட்டும் போதும். ஐந்து சீட்டுகளுக்குத் தலா 20, ஒன்பதுக்குத் தலா 10, பத்துக்குத் தலா 5, மிச்சம் 24-க்குத் தலா 1. ஆகக் கட்டு முழுவதும் 264. கூட்டல் பழக்கும் வேலை பத்து வயதுக்காரரிடம் இருக்கட்டும். செடிகளை அடையாளம் காண முதல் நாள் தடுமாற்றம் இருக்கும். பன்னிரண்டையும் மாத வரிசையில் ஒரு தாளில் வரைந்து பக்கத்தில் வைத்தால் மூன்றாம் நாள் அந்தத் தாளை யாரும் பார்ப்பதில்லை.

பெட்டியின் மேல் அச்சிட்ட வயதையும் நிமிடத்தையும் பற்றி ஒரு சொல். விதி தெரிந்தவர்கள் ஆடும்போது ஆகும் நேரம் அது; முதல் ஆட்டத்துக்கு அதைப்போல் இரண்டு பங்கு வைத்துக்கொள்ளுங்கள். வயதுக் குறிப்பு விதியைப் புரிந்துகொள்ளும் வயதைச் சொல்கிறதே தவிர, தோல்வியைத் தாங்கும் வயதைச் சொல்வதில்லை. வாங்கும் முன் விதித்தாளைத் தேடிப் படித்து, ‘எதிராளியின் சீட்டை எடு’, ‘இன்னொருவரின் புள்ளியை நீக்கு’ என்ற பொருளில் வரிகள் இருக்கின்றனவா, கடைசியில் மறைத்து வைத்த ஏதாவது வெளிவந்து கணக்கைப் புரட்டுகிறதா என்று பாருங்கள். அம்மாவின் கண்ணுக்காக, சீட்டின் எண்ணும் குறியும் ஒரு கை தூரத்தில் தெரிகின்றனவா என்று படத்திலேயே ஊகித்துவிடலாம்.

ஆக, உங்கள் வீட்டுக்கு நேரடியாகச் சொல்வதென்றால், இந்த வாரம் முழுவதும் இரவில் பூந்தோட்டத்தை இருக்கும் கட்டைக்கொண்டே ஆடிப் பாருங்கள். அது பிடித்திருந்தால் தனியாட்டத்துக்கு வேறு செலவு தேவையில்லை. ஒரே ஒரு பெட்டி என்றால் ஹெர்பேஷியஸ். இரண்டு என்றால் கூடவே போனான்சா, ஏனென்றால் ஒன்று அடங்கிய மாலைக்கு, மற்றது கலகலப்பான மாலைக்கு. ஐந்து வயதுப் பிள்ளையை ஹெர்பேஷியஸில் தனி ஆளாக உட்காரவைக்காமல் பாட்டியோடு ஒரே தோட்டமாக ஆடவிடுங்கள், கட்டிலிருந்து சீட்டை எடுத்துத் திருப்பும் உரிமை அதற்கே இருக்கட்டும்.

ஏற்கெனவே வாங்கிய அந்த மரப்படப் பெட்டியை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். அது நான் ஊகித்த ஆர்பொரீட்டமாகவே இருந்தால், நீங்களும் உங்கள் துணையும் மட்டும் ஒரு நாள் எடுங்கள். இருவருக்கு என்றால் பத்து வகை மரங்களில் ஆறு மட்டும் போதும். முதல் இரண்டு ஆட்டங்களைக் கைச்சீட்டு ஏழையும் மேசையில் திறந்து வைத்தே ஆடுங்கள். எந்தச் சீட்டைப் பிடித்துக்கொள்கிறோம், ஏன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனால், மூன்றாவது ஆட்டத்தில் கையை மூடிக்கொள்ளும்போது, அன்று மூவரையும் முகம் திருப்பவைத்த அந்தக் கடைசி நிமிடம் எங்கிருந்து வந்தது என்று இருவருக்குமே தெரிந்திருக்கும்.